எண்ணெய் வைத்த மெர்போக்

படம் எடுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

சங்கக் கூட்டத்தில் வந்து பேசுங்கள் என்று உங்களில் இரண்டு பேர் வீடு தேடி வந்தீர்கள். உங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன். என் மருமகள்தான் உங்களோடு பேசிக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுவது இந்த வயதிலும் எனக்கு வரவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் குரல் நன்றாக இருக்கும் யாராவது படித்துவிடுங்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். திரும்பிப் பார்க்க வேண்டாம்.

பறவை இறகு கோதும்போது எப்படிப் படம் எடுத்தீர்கள் என்றுதான் எல்லாரும் என்னைக் கேட்கிறீர்கள். மருந்து கலப்பது, கண்ணாடித் தட்டில் படம் கழுவுவது எல்லாம் உங்கள் காலத்தில் மாறிவிட்டது. அதை விட்டுவிடுகிறேன். எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது, அது மட்டும் மாறியிருக்காது என்று நினைக்கிறேன்.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின காலம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே வீடுகளுக்குப் பக்கத்துச் சாலையில், எங்கள் முதலாளியின் படக்கடை இருந்தது. படம் எடுத்துக்கொள்ள வரும் பெண்களின் சேலை மடிப்பை ஆண்பிள்ளை தொட்டுச் சரிசெய்ய முடியுமா? அதற்காக என்னை வைத்துக்கொண்டார்கள். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். மடிப்பை நீவிவிடுவேன், சங்கிலியை நேராக்குவேன், ஓரமாக நகர்ந்துகொள்வேன். முதலாளியின் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். குழந்தைகள் எல்லாம் அக்காவின் பொறுப்பு. எந்தக் குழந்தை வந்தாலும் மடியில் போட்டுத் தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து, வழித்துச் சீவி, பவுடர் அப்பி, கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துத்தான் கேமரா முன் அனுப்புவார். அந்தக் காலத்துக் குழந்தைப் படங்களில் தலை பளபளவென்று இருக்கிறதே, அதில் பாதி எங்கள் அக்காவின் கைவேலை.

நான் கேமராவைத் தொட்டது ஒரு துரையால். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், பறவைப் பைத்தியம். பறவை பறப்பதையும் தின்பதையும் எல்லாரும் எடுக்கிறார்கள், எனக்கு இறகு கோதுகிற படங்கள் வேண்டும், காட்டுப் பறவையும் வேண்டும், கூண்டுப் பறவையும் வேண்டும் என்று எங்கள் முதலாளியிடம் வந்தார். ஊருக்குக் கப்பல் ஏறுவதற்குள் முடித்துத் தரச் சொன்னார். முதலாளி உடனே தலையாட்டிவிட்டார். அவர் எதற்கும் தலையாட்டுவார். பிறகுதான் யோசிப்பார்.

முதலில் கிள்ளான் பக்கம் பண்டமாரான் சேற்றுக்கரைக்குப் போனோம். கடல் உள்வாங்கிய சேற்றில் கொக்குகள் வெள்ளை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தன. முதலாளி கேமராவை முக்காலியில் நிறுத்தினார், கண்ணாடித் தட்டை உள்ளே போட்டார். ஒரு கொக்கு கழுத்தை வளைத்து முதுகு இறகுக்குள் அலகைச் செருகியது. அருமையான கோலம். முதலாளி, அமுக்கினால் படம் விழும் ரப்பர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சட்டைப்பையிலிருந்து கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டி, கணீரென்று கத்தினார்.

"இங்க பாரு! இங்க பாரு! மாமாவப் பாரு!"

அந்தக் கரையில் ஒரு கொக்கு மிச்சமில்லை. நண்டுகள்கூட வளைக்குள் போய்விட்டன.

"பழக்க தோசம்" என்றார் முதலாளி. ஒரு மரத்தில் செம்பருந்து ஒன்று இறகை உலர்த்திக்கொண்டிருந்தது. அங்கும் போனோம். அது கருடன் என்பதால் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னார், "இங்க பாரு" என்று. அதுவும் போய்விட்டது.

"இந்தா, நீ எடு. நீதான் வாயத் தொறக்க மாட்டியே" என்று பந்தை என் கையில் கொடுத்துவிட்டு, சேற்றோரம் ஒரு தென்னை மரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அப்படித்தான் நான் படம் எடுக்கிறவள் ஆனேன்.

நீங்களும் மனிதர்களைப் படம் எடுத்துப் பழகியவர்கள். கண் கேமராவைப் பார்த்தால்தான் படம் என்று உங்கள் கைக்குப் பழகியிருக்கும். இறகு கோதுகிற பறவையிடம் அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அது சுற்றிலும் ஒருமுறை பார்த்து, எதிரி யாரும் இல்லை என்று முடிவு செய்த பிறகுதான் தன் இறகுக்குள் முகத்தைப் புதைக்கிறது. உங்களையும் கணக்கில் வைத்துத்தான் அந்த முடிவு. அது உங்களைப் பார்க்கவில்லை என்றால் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது. என்னைப் பார்க்காமல், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒரு உயிருக்கு முன்னால் நிற்பதைப்போல நிம்மதி வேறு எதுவும் இல்லை.

கொக்கு, மைனா, மீன்கொத்தி, செம்பருந்து எல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. கூண்டுப் பறவை மட்டும் பாக்கி. அங்கேதான் நான் சொல்ல வந்த கதை.

எங்கள் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு ரயில் கேட் இருந்தது. அந்தக் கேட்டைத் திறந்து மூடும் வேலை பாக் டின்னுக்கு. மலாய்க்காரர். பாக் என்பது பெரியவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல். ஒல்லியான மனிதர், தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவருடைய காவல் குடிசை வாசலில் ஒரு கம்பத்தின் உச்சியில் கூண்டு தொங்கும். உள்ளே ஒரு மெர்போக். கைக்குள் அடங்கும் சின்னப் புறா, கழுத்திலும் மார்பிலும் மெல்லிசாக வரிவரியாக இருக்கும். மலாய்க்காரர்கள் அதைக் குரலுக்காக வளர்ப்பார்கள். திடலில் உயரமான கம்பங்களில் கூண்டுகளை ஏற்றிவிட்டு, கீழே பெரியவர்கள் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். எந்தப் பறவை விடாமல், இழுத்து, அழகாகக் கூவுகிறதோ அதற்குப் பரிசு.

அந்த மாதம் கிள்ளானில் அப்படி ஒரு போட்டி இருந்தது. பாக் டின் அதற்காகத்தான் அந்தப் பறவையைத் தயார் செய்துகொண்டிருந்தார். முந்தின போட்டியில் அது கம்பத்தின் மேலே போனதும் வாயை மூடிக்கொண்டதாம். கிள்ளான்காரர்கள், கேட்டை மூடி மூடிப் பழகியவன் பறவை வாயையும் மூடிவிட்டான் என்று சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை. இந்த முறை அது கூவியே ஆக வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

முதலாளி போய்ப் பேசினார். "பாக், உன் பறவையை ராஜா மாதிரி படம் எடுத்துத் தர்றேன்" என்றார். பாக் டின்னுக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பெருமை. பெருமை ஜெயித்தது. காலையில் கொடுத்தனுப்பினார், மாலைத் தொழுகைக்கு முன் திரும்ப வர வேண்டும் என்று சொல்லி. போட்டி அந்த ஞாயிற்றுக்கிழமை.

கடையில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் கூண்டை வைத்துவிட்டு, நான் தட்டு எடுக்க இருட்டறைக்குள் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். மடியில் மெர்போக். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். கூண்டின் ஒரு மூங்கில் குச்சியில் மையால் திருஷ்டிப் பொட்டு.

"எவ்வளவு சாது பாரு! ஒரு புள்ளகூட இப்படி ஒக்காந்ததில்ல" என்றார் அக்கா. கையில் எண்ணெயைத் தேய்த்துத் தேய்த்து, றெக்கை, முதுகு, வால் என்று நீவி முடித்திருந்தார். பறவை மினுமினுவென்று இருந்தது. பரிசு வாங்கப் போகும் பறவையை வறண்ட இறகோடு படத்தில் உட்கார வைக்க அவருக்கு மனம் வரவில்லை. தன் பிள்ளைக்குச் செய்வதைச் செய்திருந்தார்.

கூண்டில் விட்டதும் மெர்போக் இறகு கோத ஆரம்பித்தது. நெஞ்சைக் கோதியது, றெக்கையை விரித்து அடிப்பக்கம் கோதியது, வாலை வளைத்து இழுத்தது. நிறுத்தவே இல்லை. நாங்கள் சேற்றுக்கரையில் நாள் முழுக்க நின்று காத்திருந்த கோலமெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது.

"பாத்தியா! எண்ண வெச்சதும் எப்படி சிங்காரிச்சுக்குது! பொம்பளப் புள்ளதான் இது" என்று அக்கா கைதட்டினார்.

"எடு, எடு!" என்றார் முதலாளி. "இதவிட என்னா வேணும்? துரை துள்ளிக் குதிப்பாரு. அமுக்கு பந்த!"

வெளிச்சம் சரி. தட்டு உள்ளே இருக்கிறது. பந்து என் கையில். பறவை ஒவ்வொரு கோலத்திலும் அரை வினாடி நிற்கிறது. நீங்கள் அங்கே இருந்திருந்தால் அமுக்கியிருப்பீர்கள். நானும் அமுக்கத்தான் விரலை மடக்கினேன்.

அதன் கண்ணைப் பார்த்தேன். சுகமாகக் கோதும் பறவைக்குக் கண் பாதி சொருகியிருக்கும். ஒரு இறகை அடியிலிருந்து நுனி வரை அலகால் உருவிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். உடம்பைச் சிலிர்த்து உதறும். மறுபடி வேறு ஒரு இறகு. நாம் வெற்றிலை மடிக்கிற மாதிரி, அவசரமே இருக்காது. இதற்குக் கண் அகலத் திறந்திருந்தது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கொத்தியது. ஒருமுறைகூட உதறவில்லை. இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குச்சி குச்சியாக நின்றன. நடுவில் தோல் தெரிந்தது.

நான் பந்தைக் கீழே வைத்தேன்.

"என்னா, கை வலிக்குதா?" என்றார் முதலாளி.

"முதலாளி, அதுக்கு ஏதோ ஆயிடுச்சு."

பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். விரலால் இறகைத் தொட்டார். விரலை முகர்ந்தார். அக்காவைப் பார்த்தார். அக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"சவுக்காரம் போட்டு அலசி விட்டுடலாம்" என்றார் முதலாளி. "வெயில்ல வெச்சா காஞ்சிடும். சாயங்காலம் துணி போட்டு மூடிக் குடுத்துடலாம். அவருக்கு எப்படித் தெரியும்?"

அக்கா அழ ஆரம்பித்தார். "ஐயோ, வாயில்லாத ஜீவன நான் என்னா பண்ணி வெச்சேன்."

முதலாளி நல்லவர். எனக்குத் தொழில் கொடுத்தவர். ஆனால் பயம் வந்தால் அவருக்கு வேகம் வந்துவிடும். அவர் சவுக்காரம் தேடப் போனார். எனக்கு மறுத்துப் பேசத் தெரியாது. சவுக்காரம் அதற்கு ஆகுமா ஆகாதா என்பதும் தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்தது. அந்தப் பறவையைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் கேட்டில் இருக்கிறார். கூண்டின்மேல் கேமராவின் கறுப்புத் துணியைப் போட்டு, தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

கேட் மூடியிருந்தது. இந்தப் பக்கம் மாட்டு வண்டிகள், ரிக்‌ஷாக்கள், தலையில் கூடையோடு பெண்கள். பாக் டின் கொடியோடு அந்தப் பக்கம் நின்றார். நடுவில் சரக்கு ரயில் ஈயக் கட்டிகளோடு நகர்ந்துகொண்டிருந்தது. முடிவே இல்லாத ரயில். துணிக்குள் கூண்டு படபடவென்று அடித்துக்கொண்டது. ரயில் போகட்டும் என்று நிற்கப் பார்த்தேன். என்னால் நிற்க முடியவில்லை. பெட்டிகளின் இடைவெளியில் அவர் முகம் தெரிந்தபோதெல்லாம் கத்தினேன்.

"பாக் டின்! எண்ணெய்! பறவைக்கு எண்ணெய்!"

அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கத்தினேன். மலாயில் கத்தினேன். வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதலும் கடைசியும். சாலையே திரும்பிப் பார்த்தது.

"என்னாம்மா, எண்ண யாவாரமா? நமக்கு ஒரு போத்தல்!" என்றான் ஒரு வண்டிக்காரன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் கத்திக்கொண்டே இருந்தேன்.

கடைசிப் பெட்டி போனதும் பாக் டின் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்தார். துணியைத் தூக்கினார். பார்த்தார். பக்கத்திலிருந்த கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார். அப்போதுதான் அவருக்கு வழுக்கை என்று எனக்குத் தெரிந்தது.

"யார்?" என்று மலாயில் கேட்டார்.

"எங்க அக்கா. பாக், அவங்க நல்லது பண்றதா நினைச்சுட்டாங்க. பிள்ளைகளுக்கு அப்படித்தான் பண்ணுவோம்."

வண்டிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின.

"படம் எடுத்தாயா?"

"இல்ல."

"ஏன்? இப்படி விடாமல் கோதுகிறதே. உங்களுக்கு வேண்டியது இதுதானே?"

"அது கோதல பாக். துடைக்கப் பாக்குது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். "என்னால் கேட்டை விட்டு வர முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோ. என் மனைவியிடம் கொடு. தண்ணீர் படக் கூடாது, இன்றைக்குப் படவே கூடாது" என்றார்.

மக் சிக் என்று நான் கூப்பிடும் அவர் மனைவி வாசலில் பாய் உதறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் கன்னத்தில் கைவைத்தார். பிறகு பறவையைப் பார்த்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"உங்க ஆட்களுக்கு எதைக் கண்டாலும் எண்ணெய்! நல்லவேளை, தாளிக்கவில்லை" என்றார். "இதற்கு எண்ணெயே வேண்டாம் மகளே. இந்தச் சாதிப் பறவைக்கு உடம்பிலேயே பவுடர் இருக்கிறது. நல்லா இருக்கும்போது கையில் பிடித்துப் பார், மாவு மாதிரி ஒட்டும்."

உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். மலாய்ப் பெண்கள் வெயிலுக்கு முகத்தில் பூசுவார்களே, அரிசியை ஊறப்போட்டு அரைத்துச் சொட்டுச் சொட்டாகக் காயவைத்த பவுடர். அதை விரலால் நசுக்கிப் பொடியாக்கி, இறகு படிந்திருக்கும் பக்கமாகவே மெல்லத் தடவினார். நான் பறவையைப் பிடித்துக்கொண்டேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் துடித்தது. பவுடர் எண்ணெயைக் குடித்துக் கட்டியாகும். அதை ஊதிவிட்டு மறுபடி தடவுவார். முடித்தபோது அது வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

"கல்யாணப் பெண்" என்றார் மக் சிக். "இப்போது உங்க அக்கா பார்த்தால் மை வைக்க வந்துவிடுவாள்."

மறுநாள் வெதுவெதுப்பான அரிசி கழுவிய தண்ணீரைத் தெளித்துக் கழுவி, இளவெயிலில் வைத்தார்கள். பறவை பிழைத்துக்கொண்டது. ஆனால் உடம்பை உப்பிக்கொண்டு, ஒரு பந்தாகக் குச்சியில் உட்கார்ந்தே இருந்தது. கோதவில்லை. கூவவும் இல்லை. கூவவே இல்லை. பாக் டின் கூண்டைப் பழையபடி குடிசை வாசலில், இந்த முறை தாழ்வாகத் தொங்கவிட்டார்.

"படம் வேண்டுமென்றால் இங்கே வந்து நில்" என்று என்னிடம் சொன்னார்.

தினமும் கேட்டுக்குப் போனேன். முதலாளி கேமராவைத் தோளில் தூக்கி வந்து நிறுத்திக் கொடுப்பார். பாக் டின் அவரைச் சாலைக்கு எதிர்ப்புறம் காப்பிக் கடைக்கு விரட்டிவிடுவார். அங்கே முதலாளி உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டு, தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டிருப்பார். அக்கா கேட் பக்கமே வரவில்லை. கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்றாலும் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்.

நடுச்சாலையில் நிற்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தட்டைப் போட்ட பிறகு கறுப்புத் துணிக்குள் பார்க்க ஒன்றுமே கிடையாது. குச்சியில் பறவை உட்காரும் இடம் தெளிவாக விழும்படி முன்கூட்டியே லென்ஸைத் திருப்பி வைத்தாயிற்று. ஆனாலும் நான் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளேயே நின்றேன். போகிறவர்கள் வருகிறவர்கள் என்னைப் பார்க்காமல் இருக்க ஒரு மறைப்பு, அவ்வளவுதான். ஓரத்தில் ஒற்றைக் கண்ணால் பறவையைப் பார்ப்பேன். பறவை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நானும் துணிக்குள் உப்பிக்கொண்டு நிற்பேன்.

சனிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் போட்டி. காலையில் ஒரு மழை அடித்து ஓய்ந்து, வெயில் சரிவாக வந்தது. பாக் டின் குடிசைப் படியில் உட்கார்ந்து, கிள்ளானுக்குப் போவதா வேண்டாமா என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தார். கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெர்போக் ஒரு காலைப் பின்னால் நீட்டியது. அதே பக்கத்து றெக்கையையும் நீட்டியது. தூங்கி எழுந்தவர் சோம்பல் முறிக்கிற மாதிரி. அலகால் நெஞ்சில் ஒரு சின்ன இறகைத் தொட்டது. விட்டது. சும்மா இருந்தது.

நான் துணியைத் தலையிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குள்ளிருந்து பார்த்தால் ஒற்றைக் கண்தான். இப்போது இரண்டு கண்ணும் வேண்டும். பந்தைக் கையில் எடுத்தேன்.

அப்போது ரயில் கூவியது. பாக் டின் எழுந்து கேட்டை மூடினார். வண்டிகள் இரண்டு பக்கமும் வந்து நின்றன. எங்கள் காலடியில் தரை மெதுவாக அதிர ஆரம்பித்தது. பறவை வாலை ஒரு பக்கமாகச் சாய்த்து, நீளமான இறகு ஒன்றை அடியில் கவ்வியது. கண் பாதி சொருகிவிட்டது. இதைத்தான் கேட்டார் துரை. இப்போதே அமுக்கலாம். ஆனால் தரை அதிர்கிறது, தட்டில் பறவை புகையாகத்தான் விழும். காத்திருந்தால் ரயில் சத்தத்தில் அது கோதுவதையே விட்டுவிடலாம். எதிரில் முதலாளி எழுந்து நின்று, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் அமுக்கு அமுக்கு என்று காற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

நான் யோசித்தது இவ்வளவுதான். எங்கள் கடையில் அது பயந்தது. இது அதன் வீடு. இந்த ரயில் அதற்குத் தினமும் வருகிற ரயில்.

காத்திருந்தேன். ரயில் வந்தது. குடிசை நடுங்கியது, கூண்டு ஆடியது, கேமராவின் கால்கள் தடதடத்தன. மெர்போக் ஆடுகிற குச்சியில் ஆடிக்கொண்டே தன் வால் இறகை நிதானமாக உருவிக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டி போனது. தரை அடங்கியது. இறகின் நுனி அலகிலிருந்து விடுபடுவதற்கு முன்னால் பறவை ஒரு நொடி அசையாமல் நின்றது.

அமுக்கினேன்.

பறவை முழு உடம்பையும் சிலிர்த்து உதறியது. வெயிலில் அதைச் சுற்றி ஒரு சின்னப் புகை எழுந்தது. மக் சிக் தடவிய பவுடர் எப்போதோ கழுவிப் போயிருந்தது. இது அதன் சொந்தப் பவுடர். பிறகு கழுத்தை நீட்டி, தொண்டை உருண்டு, கூவியது. நிறுத்தியது. மறுபடி கூவியது. இழுத்து, விடாமல்.

பாக் டின் கையில் கொடியோடு அப்படியே நின்றுவிட்டார். ரயில் போய்விட்டது, கேட் மூடியே இருக்கிறது.

"பாக்! கேட்டு!" என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள். "என்னா பாக், தூக்கமா? தொறங்க லா!"

அவர் திரும்பி, அத்தனை வண்டிகளையும் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார். என்ன ஆச்சரியம், சாலை அடங்கிவிட்டது. வண்டிக்காரர்கள், ரிக்‌ஷாக்காரர்கள், கூடைக்காரப் பெண்கள் எல்லாரும் நின்று அந்தக் கையளவுப் பறவையைக் கேட்டார்கள். என்னிடம் எண்ணெய் கேட்டவனும் அங்கே இருந்தான். அவன் மெதுவான குரலில் கேட்டான், "ஏம்மா, எண்ண வெச்சா இப்படித்தான் கூவுமா?" பாக் டின் அவனை முறைத்த முறைப்பில் அவன் மாட்டின் பின்னால் ஒளிந்துகொண்டான். எதிரில் முதலாளி வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, நடுச்சாலையில் நின்று குதித்தார்.

துரை அந்தப் படத்தைப் பார்த்து என்ன சொன்னார் என்று சொல்லிக்காட்ட எனக்கு வெட்கமாக இருக்கிறது. மற்றப் படங்களுக்கெல்லாம் மேலே வைத்துக்கொண்டார், அவ்வளவு போதும். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. உங்கள் கையில் ஒப்படைத்த ஒன்றுக்குக் கெடுதல் வந்துவிட்டால், மறைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அதை அறிந்தவரிடம் முதலில் ஓடுங்கள். நடுச்சாலையில் கத்த வேண்டியிருந்தாலும் கத்துங்கள். அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பந்தை அமுக்காதீர்கள். அந்த உயிர் சுகமாக இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணைப் பாருங்கள். விட்டுவிட்ட படம் வேறு நாளில், வேறு வெளிச்சத்தில் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

கிள்ளானில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதல் பரிசு ஒரு கிள்ளான் பறவைக்குப் போனது. எங்கள் மெர்போக் கம்பத்தின் உச்சியில், கீழே இறக்கும் வரை வாய் ஓயாமல் கூவியது. சென்ற முறை சிரித்தவர்களில் ஒருவர் வந்து பாக் டின்னிடம், இதற்கு என்ன கொடுக்கிறாய் என்று காதோடு காதாகக் கேட்டார். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, அது குடும்ப ரகசியம் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது திடல் இல்லை, காலையில் கோலாலம்பூர் ரயில் நிலையம்தான். நாங்கள் எல்லாரும் கிள்ளானுக்குக் கிளம்பி வந்திருந்தோம். அக்காவை நான்தான் இழுத்து வந்தேன். தூணுக்குப் பின்னால், இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். பாக் டின் கூண்டோடு நேராக அவரிடம் வந்தார்.

"கையைக் காட்டு" என்றார்.

அக்கா இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினார். பாக் டின் குனிந்து ஒரு கையை முகர்ந்தார். மற்றக் கையையும் முகர்ந்தார். பின்னால் மக் சிக் முக்காட்டுக்குள் சிரித்துக் குலுங்கினார்.

"ம்" என்றார் பாக் டின். விரித்த அந்தக் கைகளிலேயே கூண்டை வைத்தார். "பிடித்துக்கொள். நான் போய் எல்லாருக்கும் டிக்கெட் வாங்கி வருகிறேன்."

அவர் திரும்பி வரும்வரை அக்கா மூச்சுகூடப் பெரிதாக விடவில்லை. கூண்டுக்குள் மெர்போக் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு றெக்கையைத் தூக்கி, முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு கோத ஆரம்பித்தது. என் கையில் அன்றைக்குக் கேமரா இல்லை.